ஹேமாவதி போய்ச் சொன்னது

மறைமலை நகருக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது நான் வேலை பார்த்த ஆய்வகம். பெயர் வேண்டாம். புற்றுநோய் மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளின் சதைத் துணுக்குகள் எங்களுக்கு வரும். அவற்றைப் பரிசோதித்து, இன்னாருக்கு எந்த மருந்து கேட்கும், நோய் எப்படிப் போகக்கூடும் என்று மருத்துவருக்கு எழுதி அனுப்புவோம். நான், ஏகநாதன், அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தேன். வேலையில் யார் எங்கே தவறினாலும் எழுதி வைக்க வேண்டிய ரிஜிஸ்டர் ஒன்று என் மேஜையில் இருந்தது. பெரும்பாலும் அதைத் திறக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. யாரும் தவறவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

ஹேமாவதி எனக்கு இரண்டு அறை தள்ளி, ஆர்.என்.ஏ. பிரிவில் இருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. சொந்த ஊர் கோவிலம்பாக்கம். அவள் அப்பா சிட்டிபாபுவின் குடும்பம் அங்கே நெல் விளைவித்த குடும்பம்; நிலம் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, இப்போது அவருக்கு வாடகைக்கு விட்ட பதினாலு போர்ஷனும் ஒரு ஹார்ட்வேர் கடையும் இருந்தன. மகள் தினமும் மேடவாக்கம் போய், தாம்பரம் போய், அங்கிருந்து கம்பெனி வேனில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வேலைக்குப் போவது அவருக்குப் புரியாத விஷயம். கணவன் பாலு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு பெண் குழந்தை, பெயர் ஓவியா, முதல் வகுப்பு.

அவள் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். அவளை விட வேகமாக வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் அவள் நோட்டில் எழுதுவது முழுசாக இருக்கும். எத்தனை மணிக்கு எடுத்தாள், அறையில் எவ்வளவு குளிர் இருந்தது, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாள் எல்லாம் இருக்கும். இன்னொருவர் எழுதியிருந்தால் நான் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்திருப்பேன்.

ஆர்.என்.ஏ. என்றால் என்ன என்று எங்கள் உறவுக்காரர்கள் என்னைக் கேட்டால் நான் இப்படிச் சொல்வது வழக்கம். டி.என்.ஏ. என்பது செல்லுக்குள் பத்திரமாக இருக்கும் மூலப் பத்திரம். செல்லுக்கு ஏதாவது செய்ய வேண்டுமானால் அதிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் நகலெடுத்துக்கொள்ளும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. அதைப் படித்தால் அந்த செல் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியும். நுரையீரல் புற்றில் சில பேருக்கு இரண்டு மரபணுக்கள் இடம் மாறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். டி.என்.ஏ.வில் தேடினால் அந்த ஒட்டு சில சமயம் கண்ணில் படாமல் போகும். ஆர்.என்.ஏ.வில் பளிச்சென்று தெரியும். தெரிந்தால் அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. ஆனால் ஆர்.என்.ஏ. மிக எளிதில் சிதைந்துபோகிற பொருள். வெறும் விரல் பட்டால் போதும், குளிர் விட்டால் போதும், பாதி போய்விடும்.

நான் சொல்லப்போவது நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதத்தில் நடந்தது.

தாம்பரம் பக்கத்துப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றிலிருந்து கன்னியம்மா என்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணின் நுரையீரல் துணுக்கு வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குப்பத்துக்காரர். விடியற்காலையில் படகுகளிலிருந்து மீன் எடுத்துக்கொண்டு மேடவாக்கம் சாலையோரத்தில் உட்கார்ந்து விற்பவர். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. ஒரு வருஷ இருமல். டி.பி.யாக இருக்கும் என்று பார்த்து, இல்லை என்று ஆகி, கடைசியில் புற்று என்று தெரிந்தபோது நோய் இரண்டு பக்கமும் பரவியிருந்தது. டி.என்.ஏ. பரிசோதனையில் மருந்துக்கு வழி காட்டும் எதுவும் கிடைக்கவில்லை. புகை பிடிக்காத பெண், அதனால் ஆர்.என்.ஏ.வையும் பார்த்துவிடுங்கள் என்று அவருடைய மருத்துவர் ஆபேல் எழுதியிருந்தார். முந்தைய பரிசோதனைகளிலேயே துணுக்கின் பெரும்பகுதி தீர்ந்துபோயிருந்தது. துணுக்கைப் பதித்து அனுப்பியிருந்த மெழுகுக் கட்டியில் மிச்சம் இருந்தது நகக்கண் அளவு. ஹேமாவதி அதை முழுவதும் சுரண்டி எடுத்தாள். வேறு வழியில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆர்.என்.ஏ. பிரிந்து வந்தது. தரம் பார்க்கும் மெஷினில் வைத்தாள். உடையாமல் போதுமான நீளத்தில் இருக்கும் இழைகள் நூற்றுக்கு எத்தனை என்று அது சொல்லும். முப்பதுக்குக் கீழே போனால் பரிசோதனை செய்வதில் பயனில்லை. கன்னியம்மாவுக்கு அறுபத்தொன்று வந்தது. அவ்வளவு சின்னத் துணுக்கிலிருந்து அப்படி வருவது அபூர்வம். ஹேமாவதி நோட்டில் எழுதிவிட்டு, டியூபை ஐஸ் வாளியில் செருகி வைத்தாள். அடுத்து அதை மைனஸ் எண்பது ஃப்ரீசரில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அன்று எங்கள் ஆய்வகத்தில் மோகன்ராஜ் என்பவருக்குக் கடைசி நாள். பெங்களூரில் வேலை கிடைத்துப் போகிறார். நாலரை மணிக்குக் கேன்டீனில் கேக் வெட்டினார்கள். ஹேமாவதியைக் கூப்பிட்டார்கள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள். கேக் சாப்பிட்டோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். ஐந்தேகாலுக்கு வேன். அவள் அங்கிருந்தே வேனுக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவள் அறைக்குள் நுழைந்தபோது ஐஸ் முழுக்க உருகியிருந்தது. இரவெல்லாம் ஏ.சி. அணைத்திருந்த அறை. டியூப் சாய்ந்து வாளித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மூடி சரியாக அழுந்தவில்லை. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. மறுபடி மெஷினில் வைத்துப் பார்த்தாள். ஒன்பது.

பத்து மணிக்கு என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். குரல் உடையவில்லை, ஆனால் ஒரே விரலால் மேஜை ஓரத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

நான் அவளுக்குச் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். பழைய துணுக்குகளில் ஐந்துக்கு ஒன்று இப்படித்தான் தோற்கிறது. ‘ஆர்.என்.ஏ. சிதைந்துள்ளது, முடிவு கூற இயலவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது, அதைப் போட்டு அனுப்பினால் எந்த மருத்துவரும் திருப்பிக் கேட்க மாட்டார். இரண்டாவது எண்ணை மட்டும் ரிப்போர்ட்டில் ஏற்று, விட்டுவிடு என்றேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

“சார், அந்த வரியைப் படிச்சா டாக்டர் என்ன நினைப்பார்? இந்த அம்மா சதையில ஒண்ணும் கிடைக்காது, கீமோ போட்டுடலாம்னு நினைப்பார். அறுபத்தொண்ணு வந்த சாம்பிள்னு அவருக்குத் தெரியாதே.”

ரிஜிஸ்டரைக் கேட்டாள். கொடுத்தேன். என் மேஜையிலேயே நின்றபடி எழுதினாள். எழுதி முடித்து நேரே இயக்குநர் சாமுண்டீஸ்வரி மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு ஆய்வகத்தை நடத்துகிறவருக்கு வக்கீல் நினைவு முதலில் வரும். அன்று முழுதும் யோசித்தார். மறுநாள் டாக்டர் ஆபேலுக்கு ஒரு கடிதம் போனது. ஆய்வகத்தில் கையாளும்போது மாதிரி கெட்டுவிட்டது, முதலில் தரம் நன்றாக இருந்தது, மறுபடி துணுக்கு அனுப்பினால் கட்டணமின்றிச் செய்து தருகிறோம் என்று அதில் இருந்தது. யார் என்ற பெயர் இல்லை. பெயர் போட வேண்டாம் என்றது மேடம்தான்.

சனிக்கிழமை டாக்டர் ஆபேல் போன் செய்தார். நோயாளி மறுக்கிறார் என்றார். முதல் பயாப்ஸியிலேயே அந்த அம்மா மிகவும் அவஸ்தைப்பட்டிருக்கிறார். முதுகில் ஊசி இறக்கி, சி.டி. மெஷினுக்குள்ளேயும் வெளியேயும் அரை மணி நேரம் குப்புறப் படுத்து, மூச்சு முட்டிப்போயிருக்கிறது. இன்னொரு தடவை முடியாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். மாதிரி கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. புதன்கிழமை கீமோ ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

ஹேமாவதி திங்கட்கிழமை காலை மேடத்திடம் போய், தான் அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். கேஸ் போட்டால் என்ன செய்வாய் என்று மேடம் கேட்டார். போட்டால் நான் செய்ததற்குத்தானே போடுவார்கள் என்றாள். அவள் வீட்டிலும் சண்டை நடந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. பாலு பயந்திருக்கிறான். சிட்டிபாபுவோ வேலையை விட்டுவிடு, வாடகையே போதும் என்று மிகச் சுலபமாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆய்வகத்திலும் சிலர் அதையே வேறு மாதிரி பேசினார்கள்: அவளுக்கென்ன, பதினாலு போர்ஷன் வாடகை வருகிறது, அவளால் உண்மை பேச முடியும் என்று. அதில் கொஞ்சம் நிஜம் இருக்கலாம். ஆனால் அவளை விட வசதியானவர்கள் அந்த ரிஜிஸ்டரின் பக்கமே வராமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மேடம் கடைசியில் சம்மதித்து, என்னையும் கூட அனுப்பினார். டாக்டர் ஆபேலும் சரி என்றார். அன்று மத்தியானமே போனோம்.

வார்டில் கன்னியம்மா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கறுத்து, எலும்பு அகன்ற பெண்மணி. உடம்பு வற்றியும் தோள்கள் மட்டும் கூடை சுமந்த தோள்களாகவே இருந்தன. பக்கத்தில் மகள் சரிதா, முப்பது வயது இருக்கும், சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஆபேல் எங்களை அறிமுகம் செய்துவிட்டு, தான் இருந்தால் அவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று வெளியே போய்விட்டார்.

ஹேமாவதி ஸ்டூலை இழுத்துப் போட்டு, படுக்கைக்கு மிக அருகில் உட்கார்ந்தாள்.

“அம்மா, உங்ககிட்ட எடுத்த சதை கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருப்பாங்க. அது தானா கெடல. நான்தான் கெடுத்தேன்.”

சரிதாவின் கை நின்றது. ஹேமாவதி ஐஸ் வாளி, டியூப், கேக், வேன் என்று எதையும் விடாமல் சொன்னாள். கன்னியம்மா முழுவதையும் கேட்டார்.

“ஐஸு மேல வெச்சிட்டு வூட்டுக்குப் பூட்டியா?” என்றார்.

“ஆமாம்மா.”

“அப்டி இன்னா அவசரம்?”

“அவசரம் ஒண்ணும் இல்லம்மா. மறந்துட்டேன்.”

சரிதா எழுந்துவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அன்றைக்கு ஊசி போட்ட பிறகு தன் அம்மா மூன்று நாள் ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்ததைச் சொன்னாள். இருமும்போதெல்லாம் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுததைச் சொன்னாள். “நீ மறந்துட்டேன்ற. எங்கம்மாவால மறக்க முட்ல,” என்று சொல்லி, எங்களை வெளியே போகச் சொன்னாள். நான் எழுந்தேன். ஹேமாவதி எழவில்லை.

கன்னியம்மா மகளைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கையால் காட்டினார். மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து ஹேமாவதியிடம் கேட்டார்.

“நீ சொல்லலன்னா எவனுக்காச்சும் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதும்மா.”

“அப்பால இன்னாத்துக்கு வந்த?”

வார்டின் கடைசியில் யாரோ ஒரு நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“கெடறதுக்கு முன்னாடி நான் பார்த்தேம்மா, நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை எடுத்தா என்னன்னு தெரிய வாய்ப்பு இருக்கு. மாத்திரை கிடைச்சுடும்னு சொல்ல வரல. உங்களை மாதிரி பத்துப் பேருக்குப் பார்த்தா, ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் அப்படி வரும். ஆனா இதெல்லாம் தெரியாம நீங்க வேணாம்னு சொன்னா, அது நீங்க எடுத்த முடிவு இல்ல. நான் எடுத்ததா ஆயிடும்.”

கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் இருமினார். சரிதா முதுகைத் தடவிக் கொடுத்தாள். தூங்கிவிட்டாரோ என்று நாங்கள் நினைத்த நேரத்தில் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“இந்தத் தபா குத்தச்சொல்ல நீ கூட நில்லு. நீயே எடுத்துகினு போ. வழில எங்கியும் குந்தாத.”

மன்னிப்பு என்ற சொல்லே அன்று அங்கே வரவில்லை. ஹேமாவதி கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

புதன்கிழமை கீமோவுக்குப் பதிலாக இரண்டாவது பயாப்ஸி நடந்தது. ஹேமாவதி ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு சி.டி. அறையில் நின்றாள். கன்னியம்மா குப்புறப் படுத்திருந்ததால் அவருக்கு இவள் முகம் தெரியாது. அவர் கை நீட்டிய பக்கமாகப் போய் நின்றாளாம். துணுக்கு வந்ததும், பாதுகாக்கும் திரவத்தில் போட்டு, ஐஸ் பெட்டியில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பகல் பன்னிரண்டு மணி. வண்டலூரில் ஏதோ விபத்து, வண்டிகள் நகரவே இல்லை. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். இவள் இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் டாக்டர் ஆபேலிடமிருந்து போன் வந்தது. ஊசி இறங்கிய இடத்தில் காற்று கசிந்து கன்னியம்மாவின் வலது நுரையீரல் சுருங்கிவிட்டது. விலா இடுக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள். இது நடக்கக்கூடிய விஷயம்தான், முன்னமே சொல்லிக் கையெழுத்து வாங்கியதுதான் என்றார் அவர். உயிருக்கு இப்போது ஆபத்தில்லை, ஆனால் சில நாள் ஆகும்.

அவள் அந்தச் செய்தியோடு ஆய்வகத்துக்குள் வந்தாள். கை கழுவினாள். கையுறை போட்டாள். அன்று ஏழு மணி வரை அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் கண்ணாடி வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. இந்தத் தடவை நாற்பத்தேழு வந்தது. டியூபை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, கதவைத் திறந்து காட்டினாள். நோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். அதன் பிறகுதான் நடைபாதையில் சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள்.

முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அதில் ஏழு நாள் கன்னியம்மா விலாவில் குழாயோடு படுத்திருந்தார். வலியில் மகளையே திட்டினார் என்று கேள்விப்பட்டோம். கீமோவும் தள்ளிப்போனது. இந்த இரண்டு வாரத் தாமதம் நோய்க்கு வழி விட்டுவிடுமோ என்று டாக்டர் ஆபேல் மேடத்திடம் கவலைப்பட்டார். ஹேமாவதி தினமும் மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்று நான் நினைத்துப் பார்த்தேன். வீணாக ஒருத்தியை இரண்டாவது தடவை குத்த வைத்த குற்றமும் சேர்ந்துவிடும். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

பத்தாவது நாள் காலை கம்ப்யூட்டரில் முடிவு வந்தது. ராஸ்-ஒன் என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டுகளிலேயே அபூர்வமான வகை, நூறு நுரையீரல் புற்றுக்காரர்களில் ஒருவர் இரண்டு பேருக்கு மட்டுமே இருக்கும். அதற்கு மாத்திரை உண்டு. ஹேமாவதி அதை மூன்று தடவை சரிபார்த்தாள், இன்னொருவரையும் பார்க்கச் சொன்னாள். யாரும் கை தட்டவில்லை. மேடம் மட்டும் வந்து அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் கன்னியம்மாவுக்கு ஆக்ஸிஜன் தேவைப்படவில்லை. ஐந்தாம் மாதம் மேடவாக்கம் சாலைக்குத் திரும்பி வந்து கூடையை இறக்கினார்.

ஹேமாவதிக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை வந்தது. ஆறு மாதம் தனியாக எந்த மாதிரியையும் தொடக் கூடாது என்று உத்தரவு. அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய பதவி, அவளுக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. அவள் எதையும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் எங்களில் மற்றவர்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. அந்த வருஷம் மூன்று பேர் தாங்களாகவே வந்து அந்த ரிஜிஸ்டரில் எழுதினார்கள். ஒரு பையன் லேபிள் மாற்றி ஒட்டியதை, ரிப்போர்ட் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து சொன்னான். மூன்றாவதாக எழுதியது நான்தான். என்னுடையது பழைய விஷயம், யாருக்கும் தீங்கில்லாதது. ஆனாலும் பேனாவை எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஒருநாள் வேலை முடிந்து போகும்போது, ஷேர் ஆட்டோவிலிருந்து கன்னியம்மா சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஹேமாவதி இறங்கியிருக்கிறாள். கன்னியம்மா நிமிர்ந்து பார்த்து, வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு, சங்கரா மீனை அரிந்து கொடுத்தார். மற்றவர்களுக்குச் சொன்ன விலையையே சொன்னார், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. எனக்கு இதைச் சொல்லும்போது ஹேமாவதி சிரித்தாள். அந்த மீனைப் போல் ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை என்றாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் மீன் வாங்கினாள். சரிதா உடனிருந்தால் மட்டும் நிற்க மாட்டாள். சரிதா அவளோடு பேசுவதில்லை.

இரண்டு வருஷமும் நான்கு மாதமும் அந்த மாத்திரை வேலை செய்தது. பிறகு இருமல் திரும்பியது. இந்தத் தடவை நெஞ்சில் சேர்ந்த நீரை எடுத்து அனுப்பினார்கள். மாதிரியின் பெயரைப் பார்த்ததும் ஹேமாவதி அதைத் தானே எடுத்துக்கொண்டாள். ஒட்டின மரபணுவுக்குள்ளேயே புதிதாக ஒரு மாற்றம் உண்டாகியிருந்தது. மாத்திரை போய் உட்கார வேண்டிய இடத்தை அது அடைத்துவிட்டது. வீட்டாருக்கு, மருத்துவருக்கு எல்லாம் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத்தான் தெரிந்தது. ரிப்போர்ட்டைக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டு அவள் வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

அந்த வாரம் வார்டுக்குப் போய்க் கன்னியம்மாவைப் பார்த்தாள். சரிதா மருந்து வாங்கப் போயிருந்த நேரம். கன்னியம்மா அவளிடம் கேட்டிருக்கிறார்:

“உன் டெஸ்ட்ல எத்தினி நாளுன்னு தெரியுமா?”

“தெரியாதும்மா. எந்த மருந்து கேக்கும், எது கேக்காதுன்னு ஓரளவு தெரியும். நாள் தெரியாது.”

“தெரிஞ்சா சொல்லிருப்பியா?”

“சொல்லியிருப்பேன்.”

“செரி,” என்று சொல்லிவிட்டு, ஜன்னலைத் திறக்கச் சொன்னாராம்.

வேறொரு மாத்திரை கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தது. பிறகு நோய் மூளைக்குப் போனது. தை மாதம் பிறந்து எட்டாம் நாள், குப்பத்தில் தன் வீட்டிலேயே, மத்தியானத்தில் கன்னியம்மா இறந்துபோனார். முதல் ஊசியிலிருந்து கணக்கிட்டால் இரண்டு வருஷம் எட்டு மாதம்.

ஹேமாவதி காரியத்தன்று லீவு போட்டுவிட்டுப் போனாள். நானும் போனேன். பந்தலில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பாதிப் பேர் கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள் போல இருந்தார்கள். ஹேமாவதி ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சரிதா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். சரிதா அதைக் கவனிக்கவே இல்லை.

“நீ அன்னிக்கு வந்து சொல்லலன்னா எங்கம்மா அந்த வருசமே போயிருக்கும். தெரியும். என் புள்ள பேர் வெக்கச்சொல்ல அம்மா இருந்திச்சு. அதும் உன்னாலதான். ஆனா அந்தக் கொழாய் போட்டுகினு ஏழு நாளு கெடந்திச்சே. நீ அந்த ஐஸை ஒழுங்கா வெச்சிருந்தா அதுவும் இல்ல. ரெண்டையும் என்னால மறக்க முடியாது.”

“மறக்க வேணாங்க,” என்றாள் ஹேமாவதி.

உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. யாரோ தூக்கி வந்து சரிதாவின் மடியில் போட்டார்கள். ஒன்றரை வயது இருக்கும். சரிதா அதன் தலையைத் தடவிக்கொண்டே, அவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக ஹேமாவதியிடம் ஒன்று கேட்டாள்.

“இது எனக்கும் வருமா? இவளுக்கு வருமா?”

ஹேமாவதி பாயில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறக்கும்போதே இருப்பது வேறு, பிற்பாடு உடம்பில் ஒரு செல்லில் மட்டும் தவறிப்போவது வேறு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். உங்கள் அம்மாவுக்கு வந்த ஒட்டு இரண்டாவது வகை, அது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிற வகை இல்லை என்றாள். இருமல் மூன்று வாரம் நீடித்தால் மட்டும் தள்ளிப்போடாமல் யாரிடமாவது காட்ட வேண்டும், அது யாருக்கும் பொருந்துவதுதான் என்றாள். சரிதா ஒன்றொன்றாகக் கேட்டாள். தெரியாததைத் தெரியாது என்றே ஹேமாவதி சொன்னாள். பந்தல்காரர்கள் வந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். நான் வெளியே வந்து மணலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் இருவரும் பேசி முடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆனது.